நாலாவது பிளக்

கந்தப்பளை. விடிய முன் நாலரை.
மூன்று மாதமாய் இறக்கம் பார்த்தே நிறுத்தினேன் காரை;
உருட்டிவிட்டால்தான் உயிர்.
நேற்று பதுர்தீன் கடையில், கடனுக்கு,
நாலு ஹீட்டர் பிளக்.

பழசு மூன்று கழன்றன, முனை கருகி.
நாலாவது அசையவில்லை.
"எஞ்சின் சூடானா இளகும்," என்றாள் மரியசெல்வி,
டோர்ச்சைக் கழுத்தில் இடுக்கியபடி.
சூடாக்கத்தானே பிளக்!

இன்னும் கால் சுற்று திருகினால்
ஹெட்டுக்குள்ளேயே முறியும்.
ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

சுருள் விளக்கு அணையும்வரை எண்ணினோம்,
பதினாறு, பதினேழு,
ஓர் இருமல்.
கோவாப் பாத்தி மறையும் வெள்ளைப் புகை.
சமதரையில்!
மூன்றே மூன்று கங்கில்!

"நாலாவதை என்ன செய்ய?"
"நானுஓயா தாண்டட்டும்.
சூட்டோட கேட்டுப் பார்ப்போம்."