முன், பின், நடுவில் ஒரு பொத்தான்

நூற்றைந்து மில்லிமீட்டர் லென்ஸ்.
திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோவை மூடிய ஒருவரிடம்
பேரம் பேசாமல் வாங்கியது.
அதன் கழுத்தில் ஒரு வளையம் கூடுதல்:
இந்தப் பக்கம் திருப்பினால் பின்னால் இருப்பது கரையும்,
அந்தப் பக்கம் திருப்பினால் முன்னால் இருப்பது.
இரண்டு பக்கமும் ஒரே எண்கள்.
நடுவில் பொத்தான்; அமுக்காமல்
இங்கிருந்து அங்கே போக விடாது.
அளவு மீறித் திருப்பினால்
ஆள்மேலேயே பனி இறங்கிவிடும்.
குலசேகரத்தில் இதை விளக்கி
ஒருவரிடமும் கூடுதல் காசு வாங்கியதில்லை.

லில்லிபாய் அக்கா மட்டும் உடனே பிடித்துக்கொண்டாள்.
"அப்பம் எது தெரியாண்டாமோ அதை அழிக்கும், இல்லியா?"
அழிக்காது, மங்கும் என்றேன்.
"ரெண்டும் ஒண்ணுதான். நீ வீட்டுக்கு வா."

பொன்மனையில், பாறைக்கு மேலே வீடு.
தரகர் கேட்டது ஒரே படம், இடுப்பு வரை.
ஷெறின் பச்சைச் சேலையில் வந்து நின்றாள்,
இரவு டூட்டி முடிந்த கண்ணோடு.
அக்கா என் தோளுக்குப் பின்னால்:
கொடியில கெடக்கிற பழைய ஷீட் தெரியாண்டாம்.
பூசாத சுவர் தெரியாண்டாம்.
கொளுந்தனுக்க மாடிவீடு பாதி தெரியலாம்,
நமக்கதோன்னு தோணுத அளவுக்கு.

திருப்பினேன்.
ரப்பர் ஷீட்டுகள் பாலாடையாகித் தொங்கின.
மரத்துக்கு ஒன்றாய்ச் சிரட்டைகள், வெள்ளை வட்டங்கள்.
பூசாத சுவர்கூட அந்திவெயிலாகிவிட்டது.
மாடிவீடுதான் சொன்னபடி கேட்கவில்லை.
ஒரு நீலக் கறை,
யாருக்கும் சொந்தமில்லாமல்.

ஷெறின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.
"இமையை எண்ணலாம் போலிருக்கு" என்றாள்,
வேறு யாருடைய இமையையோ சொல்வதுபோல்.
பிறகு, "அண்ணே, ரோலர் மெஷினையும் ஒண்ணு எடுங்க.
விக்கதுக்கு.
அயர்லாந்து போக இங்கிலீஷ் தேர்வுக்குக் காசு கட்டணும்."
"அப்பம் தரகருக்கு?" என்றாள் அக்கா.
"அதும் போட்டும். ரெண்டும் போட்டும்."

வேதமணி அண்ணன் கையைத் துடைத்தபடி வந்தார்.
பால் இப்போது வண்டியில் நேராகப் போகிறது.
மெஷின், கோழி ஏறி உட்கார மட்டும்.
பல்சக்கரத்தில் ஒரு விரிசல்.
பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்:
இதைக் கொஞ்சம் மங்கலாக்கவா?
கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"விரிசல் முதல்ல தெரியணும், கேட்டியா.
இல்லேங்கி வண்டி பிடிச்சு வந்தவன் என்னைச் சவுட்டுவான்."
மகளிடம்: "நீ தள்ளி நில்லு மக்களே."
"நிக்கேன். அளவு தெரியட்டும்."

பொத்தானை அமுக்கினேன்.
வாங்கி நாலு வருடத்தில்
வளையம் அந்தப் பக்கம் போனது அன்றுதான்.
விரிசலில் குவித்தேன்:
முடியளவு கீறல், அதில் துரு,
துருவின் ஓரமாய் ஓர் எறும்பு.
முன்னால் ஷெறின் கரைந்தாள்.
பச்சை, கொஞ்சம் கறுப்பு.
சிரித்தாளா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது.
நான் கண்ணை எடுத்துப் பார்த்தேன். சிரித்தாள்.

மூன்றாம் நாள் மெஷின் அருமனைக்குப் போயிற்று,
சொன்ன விலைக்கே.
வாங்கியவன் கேட்டானாம்,
முன்னால நிக்கது என்ன, வாழையா?
பையன் வீட்டிலிருந்தும் ஒரு கேள்வி வந்தது:
பின்னால இவ்வளவு மங்கலாயிருக்கே,
அங்க என்ன?

அன்று யார் விரலிலிருந்தோ
ஒரு சொட்டுப் பால் வளையத்தில் விழுந்து காய்ந்திருந்தது.
நேற்றுதான் கண்டேன்.
நகத்தால் நெம்பினேன், முழுசாக உரிந்து வந்தது.
அதன் அடியில், பொடியாக,
இடவலம் மாறிப் பதிந்த ஓர் எண்.
எந்தப் பக்கத்து எண் என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன்.
கடையில் ஒரு பிள்ளை
பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருக்கிறது,
பின்னால் வெள்ளைத் துணி.