ஜப்தி மகஜர்

மேயோ ஹால் கோர்ட்டில் அமீனா நான்.
பதினேழு வருஷத்தில்
கட்டில் எடுத்திருக்கிறேன், கிரைண்டர் எடுத்திருக்கிறேன்,
ஒருமுறை கல்யாண மண்டபத்தில்
நாயனத்துக்கு முன்னால் இருந்த மைக்கை.
(ஊதியவர் நிறுத்தவில்லை.)
சர்க்கார் நாற்காலியை எடுக்கப் போவது
இதுதான் முதல்.

கடனாளி: மாநகராட்சி.
டிக்ரிதாரர்: பிலோமினா, மர்பி டவுன், மாவு மில்.
சாலையை அகலப்படுத்த
மில்லின் முகத்தை வெட்டிக்கொண்டு போனார்கள்,
பதினோரு அடி.
செக் மட்டும் ஒன்பது வருஷமாக
அந்தச் சாலையில் வந்துகொண்டே இருக்கிறது.

பேய் கதவைத் தட்டினால்
ஏமாந்து திரும்பட்டும் என்று
'நாளெ பா' என எழுதிவைத்த ஊர் இது.
வார்டு ஆபீஸில் எழுதுவதில்லை,
வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள்.
முந்தானையெல்லாம் மாவு வெள்ளையோடு
வந்தாள், கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்றாள், போனாள்,
வந்தாள், நின்றாள்.

இன்று என்னோடு வந்தாள்.
டெம்போ வாடகை அவளுடையது.
நான் வாரண்ட்டை வாசித்ததும்
வருவாய் அதிகாரி சிக்கவீரையா எழுந்தார்.
மரியாதைக்கு அல்ல,
உட்கார்ந்திருந்ததையும் எழுத வேண்டியிருந்தது.

சுழல் நாற்காலி ஒன்று, இடது கைப்பிடி உடைந்தது.
பிளாஸ்டிக் நாற்காலி ஏழு.
மர நாற்காலி ஒன்று, முதுகில் துண்டு.
துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்,
அது சொந்தச் சொத்து.
டெம்போக்காரன் மின்விசிறியைக் காட்டினான்.
"வேணாம்ப்பா, அதுக்குக் கீழ
அந்தப் பொண்ணு டைப் அடிக்குது" என்றாள் பிலோமினா.
சாட்சி: டீ கொண்டுவந்த பையன், வாசல் காவலாளி.

ஒன்பதையும் நடைபாதையில் இறக்கி
கையெழுத்து வாங்கும்போது
ஸ்கூட்டரில் வந்தாள் ஒரு ஜூனியர் வக்கீல்.
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
இடைக்காலத் தடை, மூன்று வாரம்.
தாளைத் தொட்டால்
பிரிண்டரின் சூடு இன்னும் இருந்தது.

இறக்கியவனே ஏற்றினான்,
படி படியாய், முனகிக்கொண்டே.
மேலே போனது எட்டு.

சுழல் நாற்காலியில் பிலோமினா.
செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு
போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
மழை வரும்போல இருந்தது.
மாடி ஜன்னலிலிருந்து சிக்கவீரையா என்னைப் பார்த்தார்.
நான் பேனாவைப் பார்த்தேன்.

மகஜரின் கடைசி வரி,
கோர்ட் ஏற்குமோ என்னவோ:
எட்டு நாற்காலிகள் திரும்ப ஒப்படைக்கப்பட்டன.
ஒன்று உபயோகத்தில் இருந்தது.