மிளகுக்குத் தரை

ரியாஸ் பினாங்கு கிளம்பும்போது
கண்ணாடிப் பெட்டியை என் கையில் தந்தான்.
"ஒரு மாசந்தான் அக்கா."
ஏழு மாசம் ஆகிறது.

உள்ளே மஞ்சள் உடம்பு, மிளகு தெறித்த புள்ளிகள்,
கொழுத்த வால்.
சுவர் ஏறாது. உச்சுக்கொட்டாது.
இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும் பல்லி.
கீழ்வீட்டு விசாலம் வந்து கேட்டாள்,
மகள் வரன் விஷயமாய்,
தெற்கு மூலையில் சொல்லுமா, வடக்கிலா என்று.
இது எதுவும் சொல்லாது விசாலம்,
இதன் ஊரில் சாஸ்திரமே வேறு.

பாலைவனத்து ஜாதி என்று அவன் சொல்லியிருந்தான்.
எதிர்வீட்டுக் கட்டட மணல் இரண்டு படி வாங்கி
சலித்து, களைந்து, மொட்டைமாடியில் காயப்போட்டுப்
பரப்பினேன்.
பார்க்க எவ்வளவு அழகு. வால் இழுத்த கோடுகூடத் தெரியும்.
பூச்சியை நக்கிப் பிடிக்கையில்
நாக்கோடு மணலும் போனதுதான் தெரியவில்லை.
நான்காம் நாள் தின்னவில்லை.
வயிற்றுத் தோலுக்குள்
நீலக் கருமையாய் ஒரு கட்டி.

கால்நடை மருத்துவமனையில்
ஒரு சினையாட்டுக்குப் பின்னால் எங்கள் டோக்கன்.
டாக்டர் மூடியைத் திறந்தார், மூடினார்.
"நான் படிச்சதுல இது இல்லைம்மா."
நேர்மையான மனுஷன். மதுரைக்கு யாருக்கோ போன் போட்டுக்
கேட்டுக் கேட்டுச் சீட்டில் எழுதினார்:
வெதுவெதுப்பான தண்ணீர், வயிறு மட்டும் நனைய, பத்து நிமிஷம்.
பிறகு விரல் நுனியால் தடவவும். மெதுவாக.
"மெதுவாக"வை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.

செக்காலை மருந்துக் கடையில்
பத்தொன்பது வருஷமாய் மாத்திரை எண்ணுகிற விரல் இது.
மூன்றாம் இரவு
வெள்ளைத் துணியில் அரைச் சிட்டிகை மணல் வந்து விழுந்தது.
அழுதேன்.
எதற்கு அழுதாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

அப்புறம் செய்தித்தாள்.
ராசிபலன் பக்கத்தில்தான் ஒவ்வொரு நாளும் கழித்தது.
பத்திரம்தான், ஆனால் தாளுக்கடியில் புகுந்துகொண்டு
பகலெல்லாம் ஒரு தலைப்புச் செய்தி மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.
அப்புறம் பச்சை விரிப்பு.
நூல் வளையத்தில் சுண்டுவிரல் நகம் மாட்டி,
நான் கடையிலிருந்து வரும்வரை
இழுத்துக்கொண்டே நின்றிருக்கிறது.
தேங்காய் நார்த்தூள் வாங்கலாம் என்றார்கள்.
ஒருமுறை விழுங்கியது மறுமுறை விழுங்காதா?

ஆத்தங்குடி பஸ் ஏறினேன்.
"எத்தனை சதுரடி?"
"ரெண்டு."
"பூஜை ரூமுக்கா?"
"பல்லிக்கு."
நாச்சியப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.
"பல்லி வராம இருக்கவா?"
"இருக்க."

சிவப்பு, மாம்பழ மஞ்சள், நடுவில் எட்டிதழ்ப் பூ.
பெட்டியில் போட்டு மிளகை இறக்கினால்
நாலு காலும் நாலு திசைக்குப் போக
பூவின் மேல் வயிறு படிய விழுந்தது.
ஒட்டுகிற பாதம் இல்லை அதற்கு.
நகம் மட்டும்தான்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு கல்லைக் கவிழ்த்துப் பார்த்தேன்.

அடிப்பக்கம் சாம்பல் சிமென்ட், சொரசொரப்பு.
யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்ட பக்கம்.
ஆறு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டு
நார் வைத்துத் தேய்த்தேன்,
உள்ளங்கையில் தூசி ஒட்டாத வரை.
கூரான விளிம்பை உப்புத்தாளால் மழித்தேன்.
பூச்சி ஒளிய இடுக்கு விடாமல் நெருக்கி அடுக்கினேன்.

நடந்தது.
நகம் சிமென்டைக் கவ்வும் சத்தம்
ஊசி கீழே விழுவதைவிடச் சின்னது.
அடியிலிருந்து ஏற்றும் சூடு கல்லில் தங்குகிறது.
தோல் உரியும் நாளில் மூக்கை அதில்தான் உரசுகிறது.

நேற்று வீடியோவில் ரியாஸ்:
"என்னக்கா, பூவையெல்லாம் கவுத்துட்டீங்க?"
"உனக்குப் பூ வேணும்னா
வந்து பெட்டியைத் தூக்கி அடியில பாரு."
எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.
முட்டையோட்டுப் பொடி தூவிய பூச்சி ஒன்று
இடுக்கியில் காலாட்டிக்கொண்டிருந்தது.
போனை வைத்துவிட்டு
நீட்டினேன்.