கால் பங்கு

வலது முழங்கால் இனி மடங்காது என்று
பெருந்துறை ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்த தாளை
வக்கீல் சம்பூர்ணம் இரண்டு முறை படித்தார்.
ஓவர்லாக் மிஷினை ஓட்டுவது கை இல்லை,
வலது கால்தான் என்பது
அந்தத் தாளில் இல்லை.
சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"ரெண்டு வழி இருக்குது கண்ணு.
நூத்தி அறுவத்தி நாலுல போட்டா
யாரு மேல தப்புன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.
வண்டி மோதுச்சா, எலும்பு முறிஞ்சுதா,
இன்சூரன்ஸ் இருந்துச்சா, அவ்வளவுதான்.
ரெண்டரை லட்சம்.
அதுக்கு மேல ஒத்தப் பைசா வராது.
நூத்தி அறுவத்தி ஆறுல போட்டா
ஏழு எட்டு லட்சம்கூட வரலாம்.
ஆனா கூண்டுல ஏத்திக் கேப்பாங்க."

"என்னன்னுங்க?"

"இண்டிகேட்டர் போட்டியான்னு."

படியூர். ராத்திரி ஒன்பதே கால்.
ஓவர்டைம் முடிந்து வரும்போது
கொப்பரை காயும் களத்து வாடை மூக்கில் ஏறினால்
என் வளைவு வந்துவிட்டதென்று கணக்கு.
அந்த வாடைக்குத் திரும்பினேன்.
பின்னால் முட்டை வேன்.
பெருவிரல் பட்டனைத் தொட்டதா?
தொட்டதாக ஒரு ராத்திரியும்
தொடவில்லை என்று மறு ராத்திரியும்
ஞாபகம் வருகிறது.
சந்தேகமில்லாமல் தெரிவது
தார் ரோட்டில் ஓடிய மஞ்சள் கருவும்
அதில் ஒட்டிக் கிடந்த என் ஒற்றைச் செருப்பும்.

"உன்ற மேல கால் பங்கு தப்புன்னு
ஜட்ஜு எழுதீட்டா
கால் பங்கைக் கழிச்சுக்குவாங்க."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.
பரவாயில்லீங்க என்றேன்.
தமிழில் ஒரே சொல் போதும் போலிருக்கிறது,
என்னிடமிருந்து எதைக் கழித்தாலும்.

வீட்டுக்காரர் எட்டு லட்சத்தை
அதற்குள் பாதி செலவழித்திருந்தார்.
"போட்டேன்னு சொல்லீரு.
ரோட்டோரம் மேஞ்ச எருமையா
கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லப்போவுது?"

கண்ணாடி முன் நின்று பழகினேன்.
போட்டேனுங்க.
போட்டேனுங்க ஐயா.
மூன்றாவது தடவை
நிஜம் போலவே வந்தது.
அன்றைக்குத்தான் பயந்தேன்,
வேனைப் பார்த்தபோதுகூட அப்படிப் பயப்படவில்லை.

நூற்று அறுபத்து நாலில் கையெழுத்துப் போட்டேன்.
இன்சூரன்ஸ் வக்கீல் தலை நிமிரவில்லை.
பாலிசி நம்பர், எக்ஸ்ரே, ஆதார்.
என்னைக் கூண்டில் ஏற்றவே இல்லை.
மகளிர் குழுக் கடன், பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்த பில்,
ஸ்கூட்டிக்கு ஆறு தவணை.
செக் வரும் முன்பே கழித்துப் பார்த்தால்
ஒரு பவர் டேபிள் வாங்கும் அளவு மிஞ்சும்.
அதற்கும் வலது கால் வேண்டும்.

செக் வந்த அன்று
கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை ஓரத்தில்
ஒரு பையன் நின்றான்.
ஆஸ்பத்திரியில் வார்டு வாசல் வரைக்கும் வந்து
திரும்பிப் போனதாக நர்ஸ் சொன்னவன் இவன்தான்.
பெயர் சிரகிரி. ஊர் சென்னிமலைப் பக்கம்.

"அக்கா, அன்னைக்கு நான்
போனைப் பாத்துட்டே வந்தனுங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மெசேஜுங்க. ஒன்னே ஒன்னு."

ஐந்தரை லட்சம் ரூபாய் மெசேஜ்.
யாருக்கு என்ன எழுதியிருந்தது என்று
கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.
"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

"யாருமே கேக்கலீங்கக்கா."

அதுவும் சரிதான்.
கேட்காமல் இருப்பதற்குத்தானே
அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டோம்.

திருப்பூர் பஸ் வந்து நின்றது.
படி உயரம்.
இடது காலை ஊன்றி, வலதைப் பின்னால் இழுக்கும்வரை
ஊன்றுகோலை அவன் பிடித்துக்கொண்டிருந்தான்;
பிறகு ஜன்னல் வழியே நீட்டினான்.
வாங்கும்போது
என் பெருவிரலைப் பற்றி
நானும் சொல்லியிருக்கலாம்.
அவன் கேட்கவில்லை.
கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.