அறுபது மீட்டர்

சாந்த் ரோஸுக்குத் தெற்கே, கரும்புக் கொல்லைக்கும்
எரிமலை எப்போதோ கக்கிய கருங்கல் வெளிக்கும் நடுவில்
ஒரு துளை.
பாழுங்கிணறென்று நினைத்து எவனோ
பழைய குளிர்பெட்டியை உள்ளே தள்ளியிருக்கிறான்.
அதன்மேல் கால் வைத்துத்தான்
மர்லேன் வேலாய்தோன் இறங்குவாள்.

தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள்.
சனிக்கிழமைகளில் பூமிக்குள் போகிறவள்.
நான் காரைக்காலான், ரொட்டிக்கடை அடுப்புக்காரன்.
லிஃப்டில் ஏறினாலே எனக்கு மூச்சு முட்டும்.
ஆகவே கயிறு பிடிக்கிறேன்.

ஓர் இழுப்பு: நில்.
இரண்டு: இன்னும் விடு.
மூன்று என்றால் என்ன செய்வதென்று
நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இரண்டு. இரண்டு. மறுபடி இரண்டு.
உள்ளே பாறை உருகி ஓடிய வாய்க்கால்,
முதுகை உரசும் கூரை,
மூச்சை முழுக்க வெளியே விட்டால்தான்
நுழையவிடும் ஓர் இடுக்கு.
எல்லாம் அவள் சொல்லிக் கேட்டது.
எனக்குத் தெரிந்த பாதாளம்
உள்ளங்கையில் நகரும் நைலான் மட்டும்.

பதினொன்றேகாலுக்குக் கயிறு தீர்ந்தது.
கடைசி முடிச்சு என் இடுப்பில்.
இரண்டு இழுப்பு.
இல்லையடி.
இரண்டு இழுப்பு.
எங்கே போவேன் நான் கயிற்றுக்கு?
பிறகு அது தொய்ந்தது.

கை மாற்றிக் கை மாற்றிச் சுருட்டினேன்.
மீன் இருந்தால் கனக்கும். கனக்கவில்லை.
நுனியில் அவளுடைய கைக்கடிகாரம்
பத்திரமாகக் கட்டியிருந்தது.

மழை. இந்தப் பக்கத்து மழை கேட்டுக்கொண்டா வரும்?
தாழம்புதருக்கடியில் குந்தி
அவள் நேரத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டு. இரண்டரை. நான்கு.
குளிர்பெட்டியில் நீர் சொட்டும் சத்தத்தைக்
காலடி என்று ஏழு முறை நம்பினேன்.
தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடப் போனை எடுத்தேன்.
என்ன சொல்வது,
ஒருத்தி தானாகவே அவிழ்த்துக்கொண்டாள் என்றா?

ஐந்தேகாலுக்கு முதுகில் யாரோ தட்டினார்கள்.
சாலைப் பக்கமிருந்து, கரும்புக்குள் நடந்து,
ஒரு முட்டி கிழிந்து, காதுவரை கருஞ்சேறு.
வடை இருக்கா என்றாள்.

துளைக்குள் குனிந்திருந்த நான்
நிமிர மறந்து
கடிகாரத்தை நீட்டினேன்.

மிளகாய் வடை நனைந்து கூழாகியிருந்தது. தின்றாள்.
தின்றுகொண்டே தாளை விரித்தாள்.
துளை, இடுக்கு, மரவேர் தொங்கும் ஒரு கூடம்
(கண்ணில்லாத வெள்ளைப் பூச்சி ஒன்று
விளக்கைப் பொருட்படுத்தவே இல்லையாம்),
அப்புறம் அவள் வெளியே வந்த
வண்டிச்சக்கர அளவு ஓட்டை.
கூடத்துக்கு இடப்புறம் மட்டும்
பென்சில் கோடு பாதியில் நின்று
ஒரு கேள்விக்குறி.

அதன் பக்கத்தில் சின்னதாக 120.
என்ன இது என்றேன்.

கயிறு, என்றாள், வாய் நிறைய.