விசிறி நின்றால்

என்ன வேலை பார்க்கிறாய் என்று கோய் கேட்டபோது
ஒரு விசிறிக்குக் காவல் என்றேன்.
சிரித்தான். சிரிப்பு இருமலாகி,
சோளரொட்டித் தட்டைத் தள்ளிவிட்டு
எழுந்துபோய் வாசலில் துப்பினான்.
டென்னசியின் பனியில் கறுப்பாய்க் கிடந்தது அது.

உண்மையைத்தான் சொன்னேன்.
மலையிடுக்கில் ஒரு கட்டடம்.
உள்ளே கான்கிரீட், கான்கிரீட்டுக்குள் உலோகக் கலம்,
கலத்துக்குள்
அறுநூற்றைம்பது பாகைச் சூட்டில்
தண்ணீர்போல் ஓடும் உப்பு.
நெருப்பு அதில் கரைந்திருந்தது,
சர்க்கரை கரைவதுபோல.
அடியில் ஒரு குழாய். அதன் கழுத்தில்
கொஞ்சம் உப்பை உறையவைத்து அடைத்திருந்தோம்.
அது உருகாதிருக்க
இரவும் பகலும் காற்று ஊதியது என் விசிறி.

"நின்றுபோனால்?" என்றான்.

அவன் கேட்பான். அவன்தான் கேட்பான்.
அவர்கள் சுரங்கத்துக்கும் ஒரு விசிறி உண்டு,
வீட்டளவு.
அதன் இரைச்சல் ஒரு கணம் தடுமாறினாலும்
ஓலெட்டா அடுப்பை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டுவாள்.
பள்ளத்தாக்கே தீட்டும்.
மார்ச்சில் ஒருமுறை நின்றது.
பதினொரு பேர்.
தங்கை கணவன் வெர்னலின் சாப்பாட்டுப் பெட்டி திரும்பி வந்தது,
ஒரு பக்கம் கடித்த ஆப்பிளோடு.

"நின்றால் அடைப்பு உருகும்.
உப்பு முழுக்கக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும்.
இறங்கிப் படுத்துக்கொள்ளும்."
"அப்புறம்?"
"அப்புறம் என்ன, காபி குடிப்போம்."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும்.
இந்த உப்பு தண்ணீரே கேட்கவில்லை.
அதை எப்படிச் சொல்வது,
தண்ணீர் கசியும் கூரைக்குக் கீழே
முப்பது வருடம் முழங்காலில் ஊர்ந்தவனுக்கு?

அறுபத்தெட்டில் புது எரிபொருள் வந்தது,
தோரியத்தின் வயிற்றில் பிறந்த யுரேனியம்.
தோரியம் சோம்பேறி, கோய். தானாய் எரியாது.
ஒரு நியூட்ரானை விழுங்கும். வேறொன்றாகும்.
அதிலும் பாதி மாறவே இருபத்தேழு நாள்,
நிலா வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடும்.
"எங்கள் யூனியன் மாதிரி," என்றான்.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.
எங்கள் உலை ஒரு பல்பைக்கூட ஏற்றியதில்லை.
அது சோதனை. அதன் வெப்பத்தையெல்லாம்
வானத்துக்கு ஊதிவிட்டோம்.
என் விசிறி சுற்றியதோ
ஆற்றங்கரை அனல்நிலையத்து மின்சாரத்தில்.
அங்கே எரிந்தது
கோய் வெட்டிய கரி.

அடுத்த ஆண்டு டிசம்பரில் கடிதம் வந்தது.
பணம் வேறு உலைக்குப் போகிறதாம்.
ஸ்டூக்ஸ்பரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
"நிறுத்து, வெர்லின்."
நிறுத்தினேன்.
இறக்கைகள் வேகம் குறைந்து, தனித்தனியாய்த் தெரிந்து,
நின்றன.
கொஞ்ச நேரத்தில் முள் சரிந்தது. உப்பு இறங்கிற்று.
சங்கு ஊதவில்லை, யாரும் வாயிலுக்கு ஓடிவரவில்லை.
எல்லாம் சொன்னபடியே நடந்தது.
அதுதான் தாங்கவில்லை.
காபியை யாரும் தொடவில்லை.

அந்த உப்பைப் புனிதம் என்று சொல்லமாட்டேன்.
தொட்டியில் கல்லாய் இறுகிக் கிடக்கிறது.
இன்னும் பிறக்காதவர்கள் யாரோ
அதற்குக் காவல் இருக்கவேண்டும்.
அவர்களிடம் நாங்கள் கேட்கவில்லை.
கோயின் நெஞ்சுக்குள் படிந்ததற்குக் காவல் யார் என்று
அவனிடமும் எவரும் கேட்டதில்லை.

அன்றிரவு அவன் வீட்டுக்குப் போனேன்.
அந்தக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தான்.
மலைமுதுகுக்கு அப்பாலிருந்து
சுரங்கத்து விசிறியின் உறுமல்.
அது கேட்டால்தான் அவனுக்குத் தூக்கம்.
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"என் விசிறி நின்றுவிட்டது," என்றேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டான்,
"எத்தனை பேர்?"