லிட்டருக்கு எத்தனை

வண்டியோடு வந்தது அந்த நோட்டு.
டேஷ்போர்டு பெட்டிக்குள், இன்ஷூரன்ஸ் தாளுக்கு அடியில்,
பத்து வருடப் பழைய எல்ஐசி டைரி.
விற்றவர் ஸ்டீபன் ஞானமுத்து, குரோம்பேட்டை.
மஸ்கட்டில் வேலை கிடைத்த அவசரத்தில்
ஆறாயிரம் குறைத்துக்கொண்டார்.
நோட்டை மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியாது.

தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய்,
எந்த பங்க், மீட்டரில் பூஜ்யம் பார்த்தாயிற்றா.
ஐந்நூறுக்குப் போடமாட்டார் மனுஷன்.
ஐந்நூற்றுப் பதின்மூன்று. ஒருமுறை அறுநூற்று ஏழு.
முழுத் தொகையில்தான் திருடுவார்களாம்.

ஓரங்களில் தனக்குத்தானே உத்தரவுகள்:
'டிக்கி கிடங்கு அல்ல.'
'சென்னையில் மேடு என்றால் பாலம்தான்.
வேகத்தை முன்னாலேயே சேர்த்துக்கொள், ஏறும்போது மிதிக்காதே.'
'பிரேக் பிடிப்பது ஏற்கெனவே காசு கொடுத்த பெட்ரோலை.'
'விஜயநகர் சிக்னல் நூற்று நாற்பது நொடி. அணை.'

முதலில் சிரித்தேன்.
பிறகு மாதக் கடைசி வந்தது.

டிக்கியைத் திறந்தால்
ரிப்பேருக்குக் கொடுக்க வைத்த மிக்ஸி,
இரண்டு தண்ணீர் கேன், தீபாவளிக்குப் பின் இறக்காத ஒரு மூட்டை.
இறக்கினேன்.
காற்று முப்பத்து மூன்று வைக்கச் சொன்னேன்.
'போன வாரந்தானேக்கா புடிச்சீங்க' என்றான் பையன்.

விஜயநகரில் அணைத்தேன்.
ஏசி நின்றது, கண்ணாடியை இறக்கினேன்,
வேளச்சேரி முழுசாக உள்ளே வந்து உட்கார்ந்தது.
பக்கத்து ஷேர் ஆட்டோவில் ஒருவர் போனில்
'பள்ளிக்கரணை தாண்டிட்டேன், அஞ்சே நிமிஷம்' என்றார்.
என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
நூற்றுப் பன்னிரண்டு நொடி மிச்சமிருக்க
பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
அணைந்து நிற்கிற வண்டியைக் கண்டால் சிலருக்கு ஆகாது.

பதினான்கு பதினாறானது. பதினாறு புள்ளி எட்டு.
மாதம் தொள்ளாயிரத்துச் சொச்சம் மிச்சம்.
அது எங்கே போனது என்பது வேறு நோட்டு.

இவர் நோட்டின் நடுவில், ஒரு மே மாதத்திலிருந்து,
அதே கையெழுத்து, அதே நீல பேனா:
'இரவு 11.40. சும்மா. 22 கி.மீ.'
'இரவு 1.10. சும்மா. 31.'
'நிறுத்தி வைத்து, ஏசி போட்டு, ஒரு மணி நேரம். சும்மா.'
லிட்டருக்குப் பதினொன்றாய்ச் சரிந்திருக்கிறது.
அடியில் கோடில்லை, உத்தரவில்லை,
ரூபாய்க் கட்டம் காலி.
ஆகஸ்ட் வரை இப்படி.
பிறகு பதினெட்டு, பத்தொன்பது, ஐந்நூற்றுப் பதின்மூன்று.

தூங்காத குழந்தையா. தூங்காத அவரா.
வீட்டுக்குள் பேச முடியாத பேச்சா.
பின் சீட்டு இடுக்கில் ஒரு ஹேர்கிளிப் கிடைத்தது;
அது என் மகளுடையதாகவும் இருக்கலாம்.

ஆர்சி மாற்றுகிற சமயம் போனில் பேசினோம்.
இரண்டாவது சாவியைக் கேட்டேன்.
இதைக் கேட்கவில்லை.

நேற்று சாயங்காலம் ரேடியல் சாலையில் வந்தவள்
கீழ்க்கட்டளையில் திரும்பவில்லை.
வீட்டில் சண்டை எதுவுமில்லை.
இன்டிகேட்டர்கூடப் போட்டேன்,
அது டிக் டிக்கென்று வீட்டைக் காட்டிக்கொண்டிருக்க
நேரே போனேன்.
பல்லாவரம் பக்கம் ஓரமாக நிறுத்தி
அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன், ஏசி இரண்டில்.
தலைக்கு மேல் ஒரு விமானம்
சக்கரங்களை நீட்டிக்கொண்டு தாழ்ந்து போனது.
அது லிட்டருக்கு எத்தனை கொடுக்கும் என்று நினைத்தேன்.
வேறெதுவும் நினைக்கவில்லை, அதுவே போதுமாக இருந்தது.

இரவு அவர் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில்
தேதி எழுதினேன், கிலோமீட்டர் எழுதினேன்.
காரணத்துக்கென்று அவர் கட்டமே போட்டிருக்கவில்லை.

காலையில் பங்கில்
'எவ்ளோக்கு மேடம்?'
ஐந்நூற்றுப் பதின்மூன்று.
நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தான்.
'ஜீரோ பாத்துக்கோங்க.'
பார்த்தேன்.